வரவு மட்டும் எழுதும் பேரேடு: தென்சென்னையின் வீட்டுக் கட்டட அனுமதிகளும் உள்ளூர்ப் பொருளாதாரமும்

ஆய்வுச் சுருக்கம்

வீடு கட்ட வழங்கப்படும் அனுமதிகளின் எண்ணிக்கை ஓர் ஊரின் பொருளாதாரப் போக்கை முன்கூட்டியே காட்டும் என்பது பொருளியலில் நெடுநாளாக ஏற்கப்பட்டுள்ள கருத்து. இக்கருத்து மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு ஆகிய பகுதிகளுக்கு எந்த அளவுக்குப் பொருந்தும் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. அனுமதி எண்களை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், அந்த எண்களை உருவாக்கிய சட்டங்களின் வரலாற்றை இது பின்தொடர்கிறது. இப்பகுதிகளில் அனுமதிப் பதிவேடு எழும் வீட்டைக் குறிக்கிறது. அதற்காக இடிக்கப்படும் வீட்டையும் அதிலிருந்து வெளியேறும் குடித்தனத்தையும் குறிப்பதில்லை. எனவே, இடிப்பைக் கழித்து, விதி மாற்றங்களைப் பிரித்தறிந்த பின்னரே அனுமதியைப் பொருளாதாரச் சுட்டியாகக் கொள்ள இயலும் என்பது இக்கட்டுரையின் முடிபு.

திறவுச்சொற்கள்: கட்டட அனுமதி, திட்ட அனுமதி, தளப்பரப்புக் குறியீடு, வாடகைக் கட்டுப்பாடு, மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு.

முன்னுரை

ஒருவர் வீடு கட்ட விண்ணப்பிக்கிறார் எனில், அவரிடம் பணமோ கடன் பெறும் தகுதியோ உண்டு. வருங்காலத்தின் மீது நம்பிக்கையும் உண்டு. அனுமதி கிடைத்த சில மாதங்களில் கொத்தனாருக்கும் தச்சருக்கும் வேலை கிடைக்கும். சிமெண்டும் கம்பியும் விற்பனையாகும். பின்னர் மாநகராட்சிக்குச் சொத்துவரி வரும். ஆகவே அனுமதி என்பது வரவிருக்கும் பொருளாதார நடவடிக்கையின் முன்னறிவிப்பு. இவ்வாதம் எளிமையானது, பல இடங்களில் சரியானதும் ஆகும். அமெரிக்காவில் முன்னோக்குப் பொருளாதாரக் குறியீட்டின் உறுப்புகளுள் ஒன்றாக வீட்டுக் கட்டட அனுமதி இன்றும் இடம்பெறுகிறது. ஹோமர் ஹாய்ட் 1933-இல் வெளியிட்ட சிகாகோ நில மதிப்புகள் குறித்த ஆய்வு, ஒரு நகரின் ஏற்ற இறக்கங்களைக் கட்டுமானப் பதிவுகளின் துணையோடு நூறாண்டுக் காலத்துக்கு வரைந்து காட்டியது.

இந்தியாவிலும் இம்முயற்சி உண்டு. 1954-இல் அமைக்கப்பட்ட தேசியக் கட்டடங்கள் அமைப்பு, நகரங்களிலிருந்து கட்டட அனுமதி விவரங்களைத் திரட்டும் பொறுப்பை ஏற்றது. அமிதாப் குண்டு தலைமையிலான தொழில்நுட்ப ஆலோசனைக் குழு 2009-இல் வீட்டுக் கட்டுமானத் தொடக்கக் குறியீட்டுக்கான அறிக்கையை அளித்தது. அனுமதி பெற்ற வீடுகள் அனைத்தும் உடனே தொடங்கப்படுவதில்லை என்பதால், அனுமதிக்கும் தொடக்கத்துக்கும் இடையிலான காலத்தைக் கள ஆய்வால் அறிந்து எண்ணைத் திருத்த வேண்டும் என்பதே அம்முறையின் அடிப்படை.

அக்குழு எண்ணியது காலத்தாழ்வைப் பற்றி. தென்சென்னையின் பழைய குடியிருப்புகளில் அதனினும் ஆழமான சிக்கல் ஒன்று உள்ளது. அங்கே புதிய வீடு பெரும்பாலும் வெற்று மனையில் எழுவதில்லை. இன்னொரு வீட்டின் இடத்தில் எழுகிறது.

1. ஏரி மனையான காலம்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மயிலாப்பூரின் செல்வ நிலையை அறிய அனுமதிப் பதிவேடு தேவைப்படவில்லை. லஸ் சர்ச் சாலையின் இருமருங்கும் எழுந்த தோட்ட வீடுகளே உயர் நீதிமன்ற வழக்கறிஞர்களின் வருவாய்க்குச் சான்றாக நின்றன. 1906 அக்டோபரில் அர்பத்நாட் நிறுவனம் முறிந்தபோது பலருடைய சேமிப்பு அழிந்தது. அடுத்த ஆண்டே மயிலாப்பூர் வழக்கறிஞர் வி. கிருஷ்ணசுவாமி ஐயர் உள்ளிட்டோரின் முயற்சியால் இந்தியன் வங்கி தோன்றியது. வீடு, தொழில், வங்கி மூன்றும் ஒரே வட்டாரத்தில் பிணைந்திருந்த காலம் அது.

1919-ஆம் ஆண்டின் சென்னை மாநகராட்சிச் சட்டத்தின் கீழ், மனையின் வரைபடத்தையும் கட்டடத்தின் வரைபடத்தையும் அளித்து ஆணையரின் அனுமதி பெற்ற பின்னரே கட்டத் தொடங்கலாம் என்ற நடைமுறை உறுதிப்பட்டது. அதன் நோக்கம் காற்று, வெளிச்சம், கழிவுநீர், தெருவின் எல்லை ஆகியவற்றைக் காப்பதேயன்றிப் பொருளாதாரத்தை அளப்பதன்று. சுகாதாரத்துக்காகப் பிறந்த ஆவணமே பிற்காலத்தில் பொருளாதாரப் புள்ளிவிவரமாக வாசிக்கப்பட்டது.

1920-இல் நகரமைப்புச் சட்டம் வந்தது. நுங்கம்பாக்கத்திலிருந்து தெற்கே நீண்டுகிடந்த பெரிய ஏரியின் நிலமும் மாம்பலம் கிராமமும் குடியிருப்பு மனைகளாயின. 1925-இல் மறைந்த சர் பி. தியாகராய செட்டியின் பெயர் அந்நகருக்கு இடப்பட்டது. பனகல் பூங்கா, உஸ்மான் சாலை, ஜி.என். செட்டி சாலை ஆகிய பெயர்கள் அன்றைய நீதிக்கட்சி ஆட்சியின் நினைவைத் தாங்கி நிற்கின்றன. 1931-இல் கடற்கரை – தாம்பரம் மின்ரயில் ஓடத் தொடங்கியதும், மாம்பலத்தில் குடியிருந்து ஜார்ஜ் டவுனில் பணிபுரிவது எளிதாயிற்று.

இக்காலத்தை வளர்ச்சிக் காலம் என்று மட்டும் கூறுவது பிழையாகும். 1929-க்குப் பிந்தைய பெருமந்தத்தில் வேளாண் விளைபொருள்களின் விலை சரிந்தபோது, தமிழகக் கிராமப்புறச் செல்வம் நிலத்தையும் கடன் தொழிலையும் விட்டு நகரங்களை நாடியதை வரலாற்றாசிரியர் கிறிஸ்டோபர் பேக்கர் விளக்கியுள்ளார். மாம்பலத்து மனைகள் வீடுகளாக மாறிய பத்தாண்டும் அதுவே. நகரில் எழும் வீடு, வேறோர் இடத்தில் வற்றிய வருவாயின் விளைவாகவும் இருக்கலாம் என்பதற்கு இக்காலம் முதற்சான்று.

2. கூட்டுறவு, வாரியம், சிமெண்டு

விடுதலைக்குப் பிந்தைய ஆண்டுகளில் அடையாறு வேறொரு வழியில் உருவாயிற்று. அடையாற்றின் தென்கரையில் கூட்டுறவு வீடு கட்டும் சங்கத்தின் முயற்சியால் காந்தி நகர் எழுந்தது. தனியார் வணிகரின் கணக்கு அங்கு வீட்டைத் தீர்மானிக்கவில்லை. உறுப்பினரின் தவணையும் சங்கத்தின் கடனும் தீர்மானித்தன. நகர மேம்பாட்டு அறக்கட்டளை சி.ஐ.டி. நகர், சி.ஐ.டி. காலனி ஆகியவற்றை அமைத்தது. 1961-இல் அதன் பணி வீட்டுவசதி வாரியத்துக்குச் சென்றது. பின்னர் பெசன்ட் நகர் வாரியத்தின் திட்டமாக விரிந்தது. இவ்வகை வளர்ச்சியில் ஒரே ஆண்டில் நூற்றுக்கணக்கான வீடுகள் பதிவாகக்கூடும்; அடுத்த ஆண்டு எதுவும் இல்லாமலும் போகக்கூடும். அந்த ஏற்ற இறக்கம் அரசின் நிதி ஒதுக்கீட்டையே காட்டும். அடையாற்றுக் குடும்பங்களின் வருவாயைக் காட்டாது.

அனுமதி கிடைத்தாலும் பொருள் கிடைக்கவில்லை என்பது அக்காலத்தின் மற்றொரு நிலை. போர்க்காலத்தில் தொடங்கிய சிமெண்டுக் கட்டுப்பாடு பல வடிவங்களில் நீடித்தது. 1982-இல் பகுதியாகத் தளர்ந்தது. 1989-இல் முற்றிலும் நீங்கியது. அதுவரை வீடு கட்டுபவர் மாநகராட்சியின் ஒப்புதலோடு சிமெண்டு ஒதுக்கீட்டுக்கும் காத்திருந்தார். ஆகவே 1980-க்கு முந்தைய அனுமதி எண்ணையும் 1990-க்குப் பிந்தைய எண்ணையும் ஒரே கோட்டில் இணைத்து வரைவது முறையாகாது.

3. வெளியேற்றத்துக்குச் சான்றான வரைபடம்

போர்க்கால ஆணையாகத் தொடங்கிய வாடகைக் கட்டுப்பாடு, 1960-ஆம் ஆண்டின் கட்டடங்கள் (குத்தகை மற்றும் வாடகைக் கட்டுப்பாட்டு) சட்டத்தில் நிலைபெற்றது. மயிலாப்பூரின் ஒட்டுக் குடித்தனங்களும் தியாகராய நகரின் மாடிப் பகுதிகளும் பழைய வாடகையிலேயே பல்லாண்டு தொடர்ந்தன. வாடகையை உயர்த்தவும் குடியிருப்பவரை வெளியேற்றவும் உரிமையாளருக்கு இருந்த வழிகள் குறுகியவை.

அவ்வழிகளுள் ஒன்றை அச்சட்டத்தின் 14-ஆம் பிரிவு வழங்கியது. கட்டடத்தை உடனே இடித்துப் புதிய கட்டடம் எழுப்ப உரிமையாளர் நல்லெண்ணத்துடன் கருதினால், குடியிருப்பவரை வெளியேற்றும் ஆணையைக் கோரலாம். அந்த எண்ணம் உண்மையானதா என்பதை ஆராய்கையில் கட்டடத்தின் வயது, நிலை, உரிமையாளரின் பொருள்வசதி ஆகியவற்றைக் கருத வேண்டும் என உச்ச நீதிமன்றம் 1996-இல் விளக்கியது. இத்தகைய வழக்குகளில் ஒப்புதல் பெற்ற வரைபடம் உரிமையாளரின் நோக்கத்தை நிறுவும் முக்கிய ஆவணமாயிற்று.

இதன் பொருள் எளிதில் கவனிக்கப்படுவதில்லை. அனுமதி என்பது வீடு கட்டும் எண்ணத்தின் அறிவிப்பாக மட்டுமன்றி, குடியிருப்பவரை வெளியேற்றும் கருவியாகவும் இயங்கியது. வழக்கு முடியும்வரை அந்த அனுமதி செயல்படாது. வழக்கு நீண்டால் காலாவதியாகும். புதுப்பித்தால் மீண்டும் பதிவாகும். ஒரே மனைக்கு இரண்டு, மூன்று அனுமதிகள் பதிவாகி, ஒரு செங்கல்லும் வைக்கப்படாத நிலை இவ்வாறு தோன்றக்கூடியதே. இந்தச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த புதிய வாடகைச் சட்டத்தால் நீக்கப்பட்டது. அதன் பின்னர் எழும் அனுமதிகளின் தன்மையும் வேறாகிறது.

4. இரட்டைக் கோப்பும் கோப்பில்லாக் கட்டடமும்

1971-ஆம் ஆண்டின் நகர் மற்றும் ஊரமைப்புச் சட்டம், நிலத்தின் பயன்பாட்டை ஒழுங்குபடுத்தத் திட்ட அனுமதி என்னும் தனி நடைமுறையை உருவாக்கியது. சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம் 1970-களில் அமைந்தது; முதல் முழுமைத் திட்டம் 1975-இல் வந்தது. அதுமுதல் ஒரே வீட்டுக்கு 1971 சட்டத்தின் கீழ்த் திட்ட அனுமதியும், 1919 சட்டத்தின் கீழ்க் கட்டட அனுமதியும் தேவைப்பட்டன. சிறு வீடுகளுக்கான அதிகாரம் மாநகராட்சிக்கு வழங்கப்பட்டது. பெரிய அடுக்ககங்கள் குழுமத்தின் பார்வையில் நின்றன. அந்த எல்லை பலமுறை மாற்றப்பட்டது. எனவே மாநகராட்சியின் எண் குறைந்தால் கட்டுமானம் குறைந்தது என்று பொருளாகாது. கோப்பு வேறு அலுவலகத்துக்கு மாறியதாகவும் இருக்கலாம்.

1978-ஆம் ஆண்டின் நகர்ப்புற நில உச்சவரம்புச் சட்டம் பெருமனைகளின் உரிமையாளர்களுக்கு அச்சத்தை அளித்தது. அது 1999-இல் நீக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் சென்னைக்கே உரிய ஒரு முறை வேரூன்றியது. நில உரிமையாளர் மனையைத் தருவார். கட்டுநர் பணத்தை இடுவார். எழும் குடியிருப்புகளை இருவரும் பங்கிட்டுக்கொள்வர். வாங்குவோருக்கு நிலத்தில் பிரிக்கப்படாத பாகம் பதிவாகும். அடையாற்றின் தனி வீடுகளும் மயிலாப்பூரின் தோட்ட வீடுகளும் இம்முறையிலேயே அடுக்ககங்களாயின.

தியாகராய நகரில் நிகழ்ந்தது வேறு. ரங்கநாதன் தெரு, உஸ்மான் சாலை, பாண்டி பஜார் ஆகியவற்றின் குடியிருப்பு மனைகளில் துணிக்கடைகளும் பாத்திரக்கடைகளும் நகைக்கடைகளும் பல மாடிகளாக உயர்ந்தன. அவற்றுள் பல அனுமதிக்கப்பட்ட வரைபடத்தை மீறியவை. விதிகளிலிருந்து விலக்களிக்க 1971 சட்டத்தின் 113-ஆம் பிரிவு அரசுக்கு அதிகாரம் அளித்தது. அப்பிரிவின் கீழ்ப் பிறப்பிக்கப்பட்ட விலக்கு ஆணைகளை உச்ச நீதிமன்றம் 2000-இல் நீக்கியது. பிரிவைச் செல்லும் என நிறுத்தியது. 1999 பிப்ரவரி 28-க்கு முன் எழுந்த விதிமீறல் கட்டடங்களைக் கட்டணம் பெற்று வரன்முறைப்படுத்தும் 113-அ பிரிவு சேர்க்கப்பட்டது. அக்காலவரம்பைப் பின்னர் நீட்டித்த திருத்தங்களைச் சென்னை உயர் நீதிமன்றம் 2006-இல் ஏற்கவில்லை. 2011 அக்டோபர் இறுதியில் ரங்கநாதன் தெருவிலும் அதன் சுற்றுப்புறத்திலும் கடைகள் முத்திரையிடப்பட்டன.

நாட்டின் பெரும் சில்லறை வணிக மையங்களுள் ஒன்றாக எண்ணப்படும் ஒரு வட்டாரத்தின் எழுச்சி, இவ்வாறு அனுமதிப் பதிவேட்டில் முழுமையாக ஏறவே இல்லை. பொருளாதாரம் மிக வேகமாக வளர்ந்த தெருவில்தான் சுட்டி மிகக் குறைவாகப் பேசியது.

5. அனுமதி கேட்க இயலாத மனைகள்

மயிலாப்பூரில் இதற்கு நேர்மாறான நிலையைக் காணலாம். கபாலீசுவரர் கோயிலுக்கு உரிய மனைகளில் தலைமுறைகளாகக் குடியிருப்போர் பலர். நிலம் கோயிலுடையது, மேற்கட்டடம் குடியிருப்பவருடையது. 1921-ஆம் ஆண்டின் நகரக் குடியிருப்போர் பாதுகாப்புச் சட்டம், பிறர் நிலத்தில் கட்டடம் எழுப்பியவருக்கு அந்நிலத்தை விலைக்குக் கோரும் உரிமையை வழங்கியது. 1996-இல் வந்த திருத்தம் சமய நிறுவனங்களின் நிலங்களை அதிலிருந்து விலக்கியது. நில உரிமையாளரின் ஒப்புதலின்றி வரைபடம் அளிக்க இயலாது. மேலும் கோயிலைச் சுற்றிய தெருக்களில் கட்டட உயரத்துக்குத் தனிக் கட்டுப்பாடும் உண்டு.

ஆகவே மாட வீதிகளை ஒட்டிய தெருக்களில் அனுமதி குறைவாக இருந்தால், அங்கே வணிகமோ வருவாயோ தேய்ந்துவிட்டது என முடிவு கட்ட முடியாது. பூக்கடையும் பாத்திரக்கடையும் உணவகமும் அதே பழைய கட்டடங்களில் இடையறாது நடைபெறுகின்றன. சட்டத்தின் அமைதியைப் பொருளாதாரத்தின் தேக்கமாக வாசிக்கும் பிழை இங்கே நேரக்கூடும்.

6. விதி மாறும்போது உயரும் எண்

ஒரு கிரவுண்டு என்பது 2,400 சதுர அடி. தளப்பரப்புக் குறியீடு 1.5 எனில், அம்மனையில் 3,600 சதுர அடி கட்டலாம். 2019-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் அக்குறியீட்டை 2 ஆக உயர்த்தின. அதே மனையில் 4,800 சதுர அடி கட்டும் உரிமை பிறந்தது. 2009 முதல் வழக்கிலுள்ள கூடுதல் தளப்பரப்பு முறையின்படி, சாலையின் அகலத்துக்கேற்பக் கட்டணம் செலுத்தி மேலும் பரப்பைப் பெறலாம். 40 விழுக்காடு கூடுதலாகக் கிடைக்கும் சாலையில் அம்மனையின் உரிமை 6,720 சதுர அடியாகும். மனை மாறவில்லை, ஊரின் வருவாயும் ஓரிரவில் மாறவில்லை, ஆயினும் பழைய கட்டடத்தை இடிப்பதே இலாபம் என்ற கணக்கு ஒரே அரசாணையால் பிறந்துவிடுகிறது. 1970-களிலும் 1980-களிலும் எழுந்த அடுக்ககங்களே இன்று மீண்டும் இடிக்கப்படுவதற்கு இக்கணக்கும் ஒரு காரணம். மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்களின் இசைவோடு மறுகட்டுமானம் செய்ய வழிவகுத்த அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம் 2024-இல் நடைமுறைக்கு வந்தது. அது இப்போக்கை மேலும் எளிதாக்குகிறது.

பதிவு முறையும் மாறியுள்ளது. 2024 ஜூலையில் தொடங்கிய சுயசான்று முறையில், 2,500 சதுர அடிக்கு மிகாத மனையில் 3,500 சதுர அடிக்கு மிகாத தரைத்தளமும் முதல் தளமும் கொண்ட வீட்டுக்கு இணையவழியில் உடனடி அனுமதி கிடைக்கிறது. இதற்கு முன் அனுமதியின்றிக் கட்டியவர்களும் இனிப் பதிவேட்டுக்குள் வரக்கூடும். அப்போது எண் உயரும். அந்த உயர்வு கட்டுமானத்தின் உயர்வன்று, பதிவின் உயர்வு. 2011-இல் மாநகராட்சியின் பரப்பு 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராக விரிந்தபோதும் இதே சிக்கல் எழுந்தது. மண்டல எல்லைகளும் ஊர்ப் பெயர்களும் பொருந்துவதில்லை. அடையாறு மண்டலம் என்ற பெயரில் வேளச்சேரியும் திருவான்மியூரும் அடங்குகின்றன.

7. கழிக்கப்படாத பற்று

ஓர் எடுத்துக்காட்டு இச்சிக்கலைத் தெளிவாக்கும். இரண்டு கிரவுண்டு மனையில் ஒரு பழைய வீடு. கீழே உரிமையாளர், மாடியில் ஒரு குடித்தனம், பின்கட்டில் இரண்டு சிறு குடித்தனங்கள் என்று கொள்வோம். அது இடிக்கப்பட்டு எட்டுக் குடியிருப்புகள் எழுகின்றன. பதிவேடு எட்டு என்று எழுதும். உண்மையில் கூடியவை நான்கே. வெளியேறிய மூன்று வாடகைக் குடும்பங்கள் புதிய வாடகைக்கு அங்கே திரும்புவது அரிது. வாங்கியவர்களுள் ஒருவர் வெளிநாட்டில் இருந்தால், ஒரு குடியிருப்பு பூட்டியே கிடக்கலாம். அவ்வாறாயின் எட்டு என்ற வரவுக்குப் பின்னால் மக்கள்தொகையில் சிறு மாற்றமே எஞ்சும்.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இவ்வையத்துக்கு வலுச் சேர்க்கிறது. அன்றைய சென்னை மாவட்டத்தின் மக்கள்தொகை 2001-இல் 43,43,645, 2011-இல் 46,46,732. பத்தாண்டு வளர்ச்சி சுமார் 7 விழுக்காடு. அதே காலத்தில் மாநிலத்தின் வளர்ச்சி 15.6 விழுக்காடு, அண்டையிலிருந்த காஞ்சிபுரம் மாவட்டத்தின் வளர்ச்சி 38 விழுக்காட்டுக்கும் மேல். 2000-இல் தரமணியில் டைடல் பூங்கா திறக்கப்பட்டபின் அடையாற்றில் அடுக்ககங்கள் பெருகிய பத்தாண்டும் இதுவே. அடையாற்றுக் குடியிருப்பை வாங்கிய வருவாய் பழைய மகாபலிபுரம் சாலையிலோ கடல் கடந்தோ ஈட்டப்பட்டிருக்கலாம். அவ்வாறெனில் அனுமதி காட்டுவது நிலத்தின் விலையையும் வெளியார் வாங்கும் ஆற்றலையும். உள்ளூரில் ஈட்டப்படும் வருவாயை அன்று.

இப்பிழையின் விளைவு ஏட்டளவில் நிற்பதில்லை. குடிநீர்க் குழாயும் கழிவுநீர்க் குழாயும் நிகரக் குடும்ப எண்ணிக்கையையும் கட்டட அடர்த்தியையும் கொண்டு திட்டமிடப்பட வேண்டியவை. வாடகை வீடுகள் எத்தனை மறைகின்றன என்பதை அறியாத நகரம், வீட்டு வேலை செய்வோரும் கடை ஊழியரும் ஓட்டுநரும் எங்கே குடியிருப்பர் என்ற கேள்வியைக் கேட்பதே இல்லை. அவர்கள் நகரின் விளிம்புக்குச் சென்று, நாள்தோறும் அதே தெருக்களுக்கு வேலைக்குத் திரும்புகின்றனர். பதிவேட்டின்படி அத்தெரு வளர்ந்திருக்கும்.

முடிவுரை

கட்டட அனுமதி பயனற்ற சுட்டி என்பது இக்கட்டுரையின் கருத்தன்று. வெற்று நிலம் வீடாக மாறும் புறநகரில் அது பெரிதும் நம்பத்தக்கது. நகரம் தன்னையே இடித்துக் கட்டிக்கொள்ளும் இடத்தில் அதை நான்கு திருத்தங்களோடு வாசிக்க வேண்டும். முதலாவது, ஒவ்வோர் அனுமதியுடனும் இடிக்கப்படும் குடியிருப்புகளின் எண்ணிக்கையும் அவற்றில் வாடகைக்கு இருந்தோரின் எண்ணிக்கையும் பதிவாக வேண்டும். இரண்டாவது, சிறு வீடுகளுக்குப் பணி நிறைவுச் சான்று தேவையில்லை என்பதால், மின் இணைப்பு, குடிநீர் இணைப்பு, சொத்துவரி ஆகியவற்றின் பதிவுகளோடு அனுமதியை ஒப்பிட வேண்டும். மூன்றாவது, 2009, 2019, 2024 போன்ற விதி மாற்ற ஆண்டுகளை வரைபடத்தில் குறித்து, அவற்றுக்கு முன்னும் பின்னும் உள்ள எண்களைத் தனித்தனியே ஆராய வேண்டும். நான்காவது, மண்டலத்தை விடுத்துத் தெருவை அலகாகக் கொள்ள வேண்டும்.

வணிகர் எவரும் வரவை மட்டும் எழுதி இலாபம் கண்டதாகக் கூறமாட்டார். வீட்டின் கணக்கிலும் பற்றுக்கு ஒரு பத்தி வேண்டும். அந்தப் பத்தி எழுதப்படும்வரை, மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் அடையாற்றிலும் உயரும் அனுமதி எண்ணை வளர்ச்சியின் அளவாகக் கொள்வதைவிட, சட்டமும் நில விலையும் கூடி ஏற்படுத்திய மாற்றத்தின் அளவாகக் கொள்வதே வரலாற்று நோக்கில் பொருத்தமாகும்.